மலையிலிருந்து வந்த பூஜ்யம்

மூன்று வருடமாக ஒரு எண் என் மனதைவிட்டு இறங்க மறுக்கிறது. அந்த எண் 0.0. ஒரு ஜூலை மாத இரவில், வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் நட்டு வைத்த தானியங்கி மழைமானியிலிருந்து அது மணிக்கு ஒரு தடவை வந்துகொண்டே இருந்தது. நான் கோயம்புத்தூரில் வீட்டுக் கூடத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது இருபத்து மூன்றுக்கு 0.0. பத்து இருபத்து மூன்றுக்கு 0.0. மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்தது. பேட்டரி 12.6 வோல்ட், வெப்பம் 17 டிகிரி, ஈரப்பதம் 100. ஒரு செய்திகூட விடுபடவில்லை. சரி, மேலே மழை ஓய்ந்துவிட்டது போல என்று நினைத்து, மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். நிம்மதியாகவே தூங்கினேன். அந்த நிம்மதிதான் இன்று வரை என்னை உறுத்துகிறது.

காலையில் எட்டே முக்காலுக்குத் தோட்டத்திலிருந்து அண்ணாச்சி கூப்பிட்டார். அந்தத் தோட்டத்தில் தினமும் கைமழைமானியை அளக்கிறவர் அவர். அவருடைய தாத்தா கயத்தாறு பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்க மலையேறியவர், அதனால் நான் அவரை முதல் நாளிலிருந்தே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் போன் செய்ய வேண்டுமென்றால் தொழிலாளர்கள் குடியிருக்கிற லைன் வீடுகளிலிருந்து இறங்கி, மாடன் கோயில் வளைவு வரைக்கும் நடந்து வர வேண்டும். அங்கேதான் ஒரு கோடு சிக்னல் கிடைக்கும். அவ்வளவு தூரம் நடந்து வந்து கூப்பிடுகிறார் என்றால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். “தம்பி, ராத்திரி பூரா கொட்டுச்சு. அளவு கிளாஸ்ல ஒம்போது தடவ முழுசா ஊத்தியாச்சு, அப்புறமும் அடியில மிச்சம் இருக்கு” என்றார். அந்தக் கிளாஸ் முழுசாக நிறைந்தால் 20 மில்லிமீட்டர். ஒன்பது கிளாஸ் 180, மிச்சம் 2. ஆக 182 மி.மீ. என் திரையில் அதே இரவுக்கு 0.0 என்று பன்னிரண்டு தடவை வரிசையாக நிற்கிறது.

அணைக்காரர்களுக்காகத்தான் அந்தக் கருவியை வைத்தோம். மேலே மலையில் எவ்வளவு பெய்கிறது என்று தெரிந்தால், கீழே நீர்த்தேக்கத்துக்கு எப்போது எவ்வளவு வரும் என்று ஒரு கணக்குப் போடலாம். அன்றைக்கு அவர்களும் என்னைப் போலவே 0.0-வைப் பார்த்திருக்கிறார்கள். விடியற்காலையில் நீர்வரத்து திடீரென்று ஏறியபோது எங்கிருந்து வருகிறது என்று புரியாமல் தவித்திருக்கிறார்கள். அந்த இரவில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆகியிருக்கலாம் என்ற நினைப்பு எனக்குப் போகவில்லை.

டிஷ் டிவி நின்றுபோகிற மழையில்

கருவியை நட்ட நாளிலேயே அண்ணாச்சி ஒரு கேள்வி கேட்டார். இந்த வேலையில் என்னிடம் கேட்கப்பட்ட நல்ல கேள்விகளில் அது ஒன்று. “மழை பலமா பேஞ்சா எங்க வீட்டு டிஷ்ல படமே வராது. உங்க பெட்டியும் சாட்டிலைட்டுதான்னு சொல்றீங்க. மழை பெய்யுறப்பதான் அது பேசணும். அப்ப எப்படிப் பேசும்?”

டிஷ் டிவிக்கு வருகிற அலை கேயு பேண்ட். அதன் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். மழைத்துளி சில மில்லிமீட்டர். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஜாதி அளவு, அதனால் கனமழையில் அலையைத் துளிகளே தின்றுவிடும். எங்கள் பெட்டி பேசுவது 402 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில். அலைநீளம் ஏறக்குறைய முக்கால் மீட்டர். அதற்கு மழைத்துளி ஒரு பொருட்டே இல்லை. வானிலைக்காக இஸ்ரோ அனுப்பிய இன்சாட்-3டி வரிசைச் செயற்கைக்கோள்களில் மேகத்தைப் படம் எடுக்கிற கருவிகளோடு கூட, இப்படிச் சின்னச் சின்னப் பெட்டிகள் சொல்வதை வாங்கிக் கீழே திருப்பி அனுப்புகிற ஒரு டிரான்ஸ்பாண்டரும் இருக்கிறது. 36,000 கிலோமீட்டர் மேலே, பூமத்திய ரேகைக்கு நேராக நின்றுகொண்டிருக்கிறது. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பது நமக்குப் பெரிய வசதி. வால்பாறையில் நின்று பார்த்தால் அந்தச் செயற்கைக்கோள் 75 டிகிரிக்கும் மேலே, கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேராக இருக்கிறது. சுற்றிலும் எவ்வளவு உயரமான மலை இருந்தாலும் மறைக்காது. தலைக்கு மேலே மரக்கிளை மட்டும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆண்டெனாவை வானத்தைப் பார்த்து நிமிர்த்தி வைத்தபோது, அண்ணாச்சி அண்ணாந்து பார்த்துவிட்டு, “அப்ப நடுவுல எவனும் இல்ல” என்றார். அதேதான். நடுவில் எவரும் இல்லை என்பதற்காகத்தான் செயற்கைக்கோள்.

செல்போன் டவர் வழியாக அனுப்பலாமே, செலவு குறைவுதானே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சமவெளியில் நானும் அதைத்தான் சொல்வேன். மலையில் கரண்ட் போனால் டவர் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும், அப்புறம் அதுவும் படுத்துவிடும். மரம் விழுந்து கம்பி அறுந்தால் கேட்கவே வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னையிலும் 2018 கஜா புயலில் டெல்டாவிலும் இதை நாம் எல்லோரும் பார்த்தோம். மழையை அளக்கிற கருவியும், அந்த அளவைச் சுமந்துபோகிற டவரும் ஒரே மழையில் நனைந்துகொண்டு நின்றால், தகவல் தேவைப்படுகிற அந்த ஒரு நாளில்தான் இரண்டும் சேர்ந்து விழும். மேலே நிற்கிற செயற்கைக்கோளுக்கும் இந்த மலைக்கும் எந்தப் பங்காளி உறவும் இல்லை. இங்கே மண் சரிந்தாலும் அது அங்கேயே இருக்கும்.

இதையெல்லாம் நம்பிக்கையோடு சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அன்றைய இரவிலும் அது பொய்யாகவில்லை. பன்னிரண்டு செய்திகளும் ஒரு பிட்கூடச் சிதையாமல் வந்து சேர்ந்தன. 36,000 கிலோமீட்டர் ஏறி, 36,000 கிலோமீட்டர் இறங்கி, தரை நிலையத்தில் சரிபார்க்கப்பட்டு, சர்வருக்கு வந்து, என் திரையில் உட்கார்ந்தன. வந்த வழியில் ஒரு குறையும் இல்லை. வந்த சேதிதான் தப்பு.

புனலுக்குள் கை விட்டபோது

அன்று மதியம் மேலே போனேன். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு, அப்புறம் தோட்டத்துச் சாலை, அப்புறம் நடை. மழை விட்டிருந்தது. வெயில்கூட லேசாக அடித்தது. தேயிலைச் செடிகளுக்கு மேலே ஆவி பறந்துகொண்டிருந்தது. வேலிக்குள் எங்கள் கருவி ஒரு காயமும் இல்லாமல் நின்றது. சோலார் தகடு சுத்தமாக இருந்தது, ஆண்டெனா அசையவில்லை, பெட்டிக்குள் ஒரு சொட்டு ஈரம் இல்லை. மழைமானியின் வாயை எட்டிப் பார்த்தேன். விளிம்பு வரைக்கும் தண்ணீர் நின்றது.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. இந்த மழைமானியில் மேலே ஒரு புனல், கீழே சீசா பலகை மாதிரி இரண்டு சின்னக் கிண்ணம். புனலிலிருந்து சொட்டுகிற தண்ணீர் ஒரு கிண்ணத்தை நிரப்பினதும் அது சாய்ந்து கொட்டிவிடும், மற்றது மேலே வரும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு காந்தம் ஒரு சுவிட்சைத் தொட்டுப் போகும், லாகர் என்கிற பதிவுப் பெட்டி அதை ஒன்று என்று எண்ணிக்கொள்ளும். எங்களுடையதில் ஒரு சாய்வு என்றால் அரை மில்லிமீட்டர் மழை. இதில் புனலின் அடித் துளை அடைபட்டுப்போனால் கிண்ணம் சாயாது. சாயாவிட்டால் லாகருக்கு மழையே இல்லை.

துளைக்குள் விரலை விட முடியவில்லை, குச்சியால்தான் நோண்டினேன். ஒரு சில்வர் ஓக் இலை, பச்சைப் பாசி, பறவை எச்சம், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து களிம்பு மாதிரி இறுகியிருந்தது. அந்தத் துளைக்கு மேலே ஒரு கம்பி வலை உண்டு. போன சர்வீஸில் அந்த வலையே அடிக்கடி அடைக்கிறது என்று நான்தான் கழற்றி எடுத்திருந்தேன். கழற்றி என் பையில் போட்டுக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது. குச்சி உள்ளே போனதும் தண்ணீர் குபுக்கென்று இறங்கியது. கிண்ணங்கள் சாய ஆரம்பித்தன. டிக், டிக், டிக், டிக் என்று நிற்காமல் அடித்தது. தலைக்கு மேலே வெயில், ஒரு தூறல் இல்லை, உள்ளே நேற்றைய மழை ஓடிக்கொண்டிருக்கிறது. நான் செய்த அடுத்த தவறு, அதற்கு முன்னால் சுவிட்சின் வயரைக் கழற்றாமல் விட்டது. புனலில் நின்றது ஒரு லிட்டருக்கும் மேல் இருக்கும். 73 சாய்வு. ஒன்று இருபத்து மூன்றுக்குப் பெட்டி தன் கடமையை ஒழுங்காகச் செய்தது. ‘இந்த ஒரு மணி நேரத்தில் 36.5 மி.மீ. மழை.’

அந்தத் தேதியின் பதிவை இன்றைக்கு யாராவது எடுத்துப் பார்த்தால், இரவு முழுக்க வறட்சி, நடுப்பகலில் பலத்த மழை என்றுதான் படிப்பார்கள். நான் அதை ‘நம்பத் தகாதது’ என்று குறித்து வைத்துவிட்டேன். ஆனாலும் மூல அட்டவணையில் அது அப்படியேதான் கிடக்கிறது. எனக்கு அதுவும் உறுத்தல்.

அண்ணாச்சி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை, சிரிக்கவில்லை. தண்ணீர் இறங்கி முடித்ததும், “இது சும்மா இருந்திருந்தா நீங்க நேத்தே வந்திருப்பீங்க” என்றார்.

எனக்கு அது முதலில் புரியவில்லை. கீழே இறங்கி வரும்போது, ஏழாவது எட்டாவது வளைவில்தான் உறைத்தது.

வராத செய்தியும் வந்த பூஜ்யமும்

முந்தின வருடம் அதே கருவி நான்கு நாள் பேசாமல் இருந்தது. பத்து நாளாக மூடுபனி, சோலார் தகட்டில் வெயிலே படவில்லை, பேட்டரி இறங்கிவிட்டது. முதல் இருபத்து மூன்றாம் நிமிடம் காலியாகப் போனபோதே எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. இரண்டாவது மணியும் வரவில்லை என்றதும் அண்ணாச்சிக்குச் சொல்லி அனுப்பினேன். பேட்டரியைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டேன். அந்த நான்கு நாளில் அணைக்காரர்களும் எங்களை நம்பவில்லை, அண்ணாச்சியின் கையளவை வாங்கி ஓட்டினார்கள். பேசாத கருவி எல்லோரையும் நடக்க வைத்தது. பூஜ்யம் பேசிய கருவி எல்லோரையும் தூங்க வைத்தது.

இங்கே இந்த ஏற்பாட்டின் இயல்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்சாட் வழியாகப் பேசுகிற எங்கள் பெட்டிக்கு வாய் உண்டு, காது கிடையாது. ஜிபிஎஸ்ஸிடமிருந்து நேரத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு கருவிக்கும் மணி நேரத்தில் ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எங்களுக்கு மணி அடித்து 23ஆம் நிமிடம். அந்த நிமிடத்தில் கண் சிமிட்டுகிற நேரத்துக்குள் சில பத்து பைட்டைச் சொல்லிவிட்டு மறுபடி உறங்கிவிடும். யாராவது கேட்டார்களா என்று அதற்குத் தெரியாது. திருப்பிச் சொல்லு என்று நாம் கேட்கவும் முடியாது. நேரம் ஒதுக்காத பழைய முறையில், கருவிகள் ஏதோ ஒரு நேரத்தில் பேசும், இரண்டு கருவி ஒரே கணத்தில் பேசினால் இரண்டும் குழம்பிப் போகும். அதனால் ஒரே செய்தியை வேறு வேறு நேரத்தில் சில தடவை சொல்லும், ஒன்றாவது தப்பிப் பிழைக்கட்டும் என்று.

கடலிலும் இதே கதைதான். ஆர்கோ மிதவைகள் என்று உலகக் கடல் முழுக்க நாலாயிரம் அளவுக்கு மிதக்கின்றன. ஆயிரம் மீட்டர் ஆழத்தில் மிதந்தபடி போய், பத்து நாளைக்கு ஒரு தடவை இரண்டாயிரம் மீட்டர் வரைக்கும் இறங்கி, அங்கிருந்து வெப்பத்தையும் உப்பையும் அளந்துகொண்டே மேலே வரும். ஆரம்ப காலத்தில் அவை பெரும்பாலும் ஆர்கோஸ் என்ற செயற்கைக்கோள் அமைப்பு வழியாகப் பேசின. ஒரு செய்திக்கு அதிகபட்சம் 32 பைட், அதுவும் ஒருவழி. செயற்கைக்கோள் தலைக்கு மேலே எப்போது வருகிறது என்று மிதவைக்குத் தெரியாது. அதனால் ஆறு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வரை கடல் மேலேயே கிடந்து சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும், பாசி பிடிக்கும், கப்பல் மோதலாம். அப்புறம் இரிடியம் வந்தது. 780 கிலோமீட்டர் உயரத்தில் 66 செயற்கைக்கோள், எந்த நேரமும் ஏதாவது ஒன்று மேலே இருக்கும், அது பதிலும் சொல்லும். ‘கிடைத்தது’ என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் மிதவை உடனே உள்ளே இறங்கிவிடலாம். கடல்மேல் இருக்கும் நேரம் ஒரு மணிக்கும் கீழே வந்துவிட்டது.

இருவழி வந்தால் எங்கள் பிரச்சினை தீர்ந்துவிடுமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். கொஞ்சம் தீரும். ஆனால் அன்றிரவு நான் அந்தப் பெட்டியிடம் ‘நிஜமாகவா?’ என்று கேட்டிருந்தாலும் அது ‘ஆமாம், 0.0’ என்றுதான் சொல்லியிருக்கும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். கிண்ணம் சாயவில்லை என்பதை அது மழை இல்லை என்று மொழிபெயர்த்துச் சொன்னது. அந்த மொழிபெயர்ப்பை அதற்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள்.

பெட்டிமுடி

இதை எழுதும்போது பெட்டிமுடியைத் தாண்டிப் போக என்னால் முடியாது. எங்கள் மலைத்தொடரிலேயே கேரளப் பக்கம், மூணாறுக்கு மேலே நயமக்காடு எஸ்டேட்டின் ஒரு பகுதி அது. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, மலை சரிந்து லைன் வீடுகள் மேல் விழுந்தது. 70 பேர் போய்விட்டார்கள். பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், அதில் கயத்தாறு பக்கத்து வேர் உள்ளவர்கள் நிறைய. அண்ணாச்சிக்கு அங்கே தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர் அதைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும், நானும் மேற்கொண்டு கேட்பதில்லை.

அந்த இரவில் அங்கே கரண்ட் இல்லை, போன் இல்லை. மலை விழுந்தது இரவு பத்தரை பதினொன்று வாக்கில். வெளியே தெரிந்தது மறுநாள் காலையில், பிழைத்தவர்கள் நடந்து வந்து சொன்ன பிறகு. அந்த இடைவெளியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அந்த இரவில் பெட்டிமுடியிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை என்று உலகத்தில் எவருமே கவனிக்கவில்லை. ஏனென்றால் அங்கிருந்து மணிக்கு ஒரு தடவை எதுவும் வரும் என்று எவரும் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. எங்கள் பெட்டி ஒரு மணி தவறினால் எனக்கு வயிறு பிசைகிறது. அத்தனை பேர் வாழ்ந்த இடம் ஓர் இரவு முழுக்கப் பேசாமல் இருந்ததை எந்தத் திரையும் காட்டவில்லை. இத்தனைக்கும் அதே மூணாறில், அந்தோணியார் காலனிச் சரிவில், 2009 வாக்கிலிருந்தே அமிர்தா பல்கலைக்கழகத்தார் மண்ணுக்குள் கருவிகளைப் புதைத்து, விசாட் என்கிற சின்னச் செயற்கைக்கோள் டிஷ் வழியாகத் தங்கள் அமிர்தபுரி வளாகத்துக்குத் தகவல் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். தொழில்நுட்பம் அந்த மலைக்குப் புதிது இல்லை. அந்தச் சரிவில் இருந்தது, இந்தச் சரிவில் இல்லை.

செயற்கைக்கோள் தொடர்பு என்றாலே எத்தனை பைட், எத்தனை ரூபாய் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. நானும் டெண்டர்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். இப்போது எனக்கு அந்த பைட்டுகளைவிட அந்த 23ஆம் நிமிடம்தான் பெரிதாகத் தெரிகிறது. ஓர் இடத்துக்கும் நமக்கும் நடுவே ஒரு நேரம் குறித்தாகிவிட்டது, அந்த நேரத்தில் அது பேசாவிட்டால் இங்கே ஒருவர் எழுந்து நிற்பார் என்ற ஏற்பாடு. அந்த ஏற்பாடு இருக்கிற இடத்தில் மௌனமும் ஒரு சேதி. அது இல்லாத இடத்தில் மௌனம் வெறும் மௌனம்தான். ஆனால் அந்த நேரத்துக்கு வந்து நிற்கிற கருவி தான் பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னால், அந்த ஏற்பாடே கெட்டுவிடுகிறது.

நோட்டில் இருந்த காலிக் கட்டம்

அடுத்த தடவை போனபோது அண்ணாச்சி தன்னுடைய மழை நோட்டைக் காட்டினார். நீளமான கணக்கு நோட்டு, ஓரமெல்லாம் ஈரத்தில் ஊறிக் காய்ந்து அலையடித்திருந்தது. ஒரு நாளைக்கு ஒரு கட்டம். காலை எட்டரைக்கு அளந்ததை எழுத வேண்டும். வானிலைத் துறைக்கு மழை நாள் எட்டரையிலிருந்து எட்டரை வரை, தோட்டங்களிலும் அதே வழக்கம்தான். பிப்ரவரி மாதத்துப் பக்கத்தைப் புரட்டினேன். கட்டம் கட்டமாக 0.0, 0.0, 0.0. ஒவ்வொன்றும் பேனாவால் அழுத்தி எழுதியது. நடுவில் இரண்டு கட்டம் மட்டும் காலி. “இது என்ன அண்ணாச்சி, இந்த ரெண்டு நாளும் மழை இல்லையா?” என்று கேட்டேன். “தெரியாது தம்பி. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல், நான் போய்ப் பார்க்கல. பார்க்காத நாளுக்குப் பூஜ்யம் போடக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லிக் கொடுத்திருக்கார்.”

நான் படித்த எந்தக் கையேட்டிலும் இவ்வளவு தெளிவாக இதைப் படித்ததில்லை. அவர் எழுதுகிற ஒவ்வொரு பூஜ்யத்துக்குப் பின்னாலும் ஒரு நடை இருக்கிறது. மழையே இல்லாத பிப்ரவரியிலும் அவர் போய், புனலைத் தூக்கி, உள்ளே பாட்டில் காய்ந்து கிடப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறார். எங்கள் பெட்டி எழுதிய பூஜ்யத்துக்குப் பின்னால் எதுவும் இல்லை.

அதற்கப்புறம் எங்கள் அலுவலகத்தில் ஒரு மாதம் சண்டை. செய்தியில் இருக்கிற இடம் கொஞ்சம்தான், எல்லாம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது, புதிதாக எதையும் சேர்க்க முடியாது என்றார்கள். சரி, எதை எடுக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அந்த மணி நேரத்தில் அடித்த பலமான காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது என்று சொல்ல செய்தியில் ஓர் இடம் இருந்தது. அணைக்காரர்கள் யாரும் அதை ஒரு நாளும் கேட்டதில்லை. அதை எடுத்தோம். அந்த இடத்தில் இரண்டு விஷயம் வைத்தோம். ஒன்று, புனலுக்குள் விளிம்புக்குக் கீழே இரண்டு துருப்பிடிக்காத ஊசி. தண்ணீர் தேங்கி இரண்டையும் தொட்டால் ஒரு பிட் மாறும். அது மாறியிருந்தால் மழை எண்ணை நம்பாதே என்று அர்த்தம். கம்பி வலையையும் திரும்ப மாட்டினேன், அதை மாதம் ஒரு தடவை கழுவுகிற பொறுப்பை அண்ணாச்சி தானாகவே எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது விஷயத்துக்குத்தான் சண்டை. வேலிக்கு வெளியே ஒரு சின்னப் பெட்டியில் நான்கு உருளை எண்கள், பழைய பூட்டில் இருக்குமே அந்த மாதிரி விரலால் உருட்டுவது, பக்கத்தில் ஒரு பொத்தான். அண்ணாச்சி காலை எட்டரைக்குக் கையளவை எடுத்து, எண்ணை உருட்டி வைத்துப் பொத்தானை அழுத்தினால், எட்டரைக்கு அப்புறம் வருகிற முதல் 23ஆம் நிமிடத்தில், அதாவது ஒன்பது இருபத்து மூன்றுக்கு, அவருடைய எண் பெட்டியின் எண்ணோடு சேர்ந்து மேலே போகும். மாடன் கோயில் வளைவு வரைக்கும் அவர் நடக்க வேண்டியதில்லை. தானியங்கிக் கருவிக்குப் பக்கத்தில் ஒரு மனிதரைக் காலையில் பொத்தான் அமுக்கச் சொன்னால் அப்புறம் அது என்ன தானியங்கி என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் அவருக்கு அந்த இரவின் அட்டவணையை மட்டும் காட்டினேன். பக்கத்தில் 182 என்று எழுதி வைத்தேன்.

இதே பாடத்தை வேறு வழியில் கடலிலும் கற்றிருக்கிறார்கள். சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 1990களின் பிற்பகுதியிலிருந்து வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் மிதவைகளை நங்கூரமிட்டு, செயற்கைக்கோள் வழியாகத் தகவல் வாங்கிவருகிறது. அந்த மிதவைகளுக்குப் பெரிய ஆபத்து புயல் மட்டும் இல்லை. மிதவையின் நிழலில் மீன் சேரும், மீன் சேரும் இடத்துக்குப் படகு வரும், வலை சிக்கும், கயிறு அறுபடும், சில சமயம் பாகங்களே காணாமல் போகும். அதனால் அந்த நிறுவனத்தார் மீனவ ஊர்களுக்குப் போய், இது உங்களுக்குத்தான் புயல் சேதி சொல்கிறது என்று பேசுகிறார்கள். கருவி எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அதற்குப் பக்கத்தில் யாரோ சில மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களை இந்த ஏற்பாட்டுக்குள் சேர்த்துக்கொள்ளாமல் நாம் வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று நான் நம்புகிறேன்.

பொத்தான் பெட்டியை மாட்டும்போது ஒரு சின்ன விஷயத்தை அண்ணாச்சியிடம் கேட்டேன். ஒரு நாள் நீங்கள் பொத்தானை அழுத்தாவிட்டால் பெட்டி என்ன எண்ணை அனுப்ப வேண்டும்? மென்பொருள்காரர் 0000 என்று வைத்திருந்தார், எதுவும் இல்லை என்றால் பூஜ்யம் என்பது அவர் பழக்கம். அண்ணாச்சி தலையை ஆட்டினார். “நான் வரலேன்னா நான் வரலேன்னு தெரியணும்” என்றார். 9999 என்று மாற்றினோம்.

பெட்டி வேலை செய்ய ஆரம்பித்து இது இரண்டாவது பருவம். பலத்த மழையில் கிண்ணம் சாய்கிற அந்த நொடியில் கொஞ்சம் தண்ணீர் கணக்குத் தப்பிப்போகும், அதனால் கருவியின் எண் கையளவைவிடக் கொஞ்சம் குறைவாகவே வருகிறது. போன ஆகஸ்டில் ஒரு நாள் கருவி 88.5 என்றது, அண்ணாச்சி 93 என்றார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்ப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. நவம்பரில் மூன்று நாள் தொடர்ந்து 9999 வந்தது. இரண்டாம் நாளே தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டேன். முட்டிவலி, தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்றார்கள். நான்காம் நாள் ஒன்பது இருபத்து மூன்றுக்கு 0125 வந்தது. 12.5 மி.மீ. மருமகள் போய் அளந்திருக்கிறார் என்று அப்புறம் தெரிந்தது. நோட்டில் அந்த மூன்று கட்டமும் காலியாகவே இருக்கிறதாம்.

இப்போது ஜனவரி. மேலே பனி, மழை கிடையாது. இன்று காலை ஒன்பது இருபத்து மூன்றுக்கும் 0000 வந்தது. முட்டிவலியோடு ஏறிப் போய், பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, நான்கு உருளையையும் பூஜ்யத்துக்குத் திருப்பி, பொத்தானை அழுத்தியிருக்கிறார்.